காலதரும் கதிரவனும்

வீட்டுச் சுவரில் காற்றும் ஒளியும் புகுவதற்காக நாம் விடுகின்ற திறப்புக்குத் தமிழில் பெயர்கள் பல உண்டு. சாளரம் என்பது ஒன்று. பலகணி என்பது மற்றொன்று. பல கண்களை உடையது என்பது அதன் பொருள். இன்று சிற்றூர்களிலும் வழங்கும் ஜன்னல் என்னும் சொல், கடல்வழி வந்த போர்ச்சுக்கீசியர் நம்மிடம் விட்டுச் சென்றது. இவற்றுள் என் உள்ளத்தைக் கவர்ந்தது காலதர் என்னும் பழஞ்சொல்லே. கால் என்றால் காற்று. அதர் என்றால் வழி. காற்று வரும் வழி காலதர். புகார் நகரத்து மாளிகைகளைப் பற்றிச் சொல்லுமிடத்தில் இளங்கோவடிகள் மானின் கண் போன்ற காலதர்களைக் குறிப்பிடுகிறார். ஆங்கிலேயர் வழங்கும் ‘விண்டோ’ என்னும் சொல்லும், ஐரோப்பாவின் வடபகுதியில் வாழ்ந்த மக்களின் பழைய மொழியில் ‘காற்றின் கண்’ எனப் பொருள்பட்ட சொல்லிலிருந்து பிறந்ததே ஆகும். குளிர் நாட்டாரும் வெப்ப நாட்டாரும் இந்தத் திறப்பைக் கண்டபோது காற்றையே முதலில் நினைத்தனர் என்பது வியப்பன்றோ?

ஆனால் நம் நாட்டில் ஒரு தொல்லை உண்டு. காற்றை அழைத்தால் வெயிலும் உடன் வந்துவிடுகிறது. ஆதலின் திறப்பை வைத்த பிறகு, அதற்கு ஒரு காவலனையும் வைக்க வேண்டியதாகிறது. வேண்டியவரை விட்டு வேண்டாதவரைத் தடுப்பவனே வாயிற்காவலன். எல்லாரையும் தடுத்துவிடுபவனை வைப்பதைவிடச் சுவரை எழுப்பிவிடுவது எளிது. சாளரத்தில் தொங்கும் துணிக்கும் இதுவே தொழில். எனினும், துணிக்கடைக்குச் செல்லும் நாம் நிறத்தைப் பார்க்கிறோம், பூவேலையைப் பார்க்கிறோம், விலையைக் கேட்கிறோம். எந்தத் திசைச் சாளரத்திற்கு, எந்த நேரத்து வெயிலுக்கு இந்தத் துணி என்று எண்ணுபவர் மிகச் சிலரே. எங்கள் வீட்டில் அந்த எண்ணம் எழுந்தது என் பாட்டியாரால்.

எங்கள் ஊர் பாகூரை அடுத்த ஒரு சிற்றூர். புதுவையின் நெற்களஞ்சியம் என்று பாகூரைச் சொல்வர். பரந்த ஏரியும், அதன் கரையில் நிற்கும் பனைகளும், ஏரி நீர் பாயும் வயல்களுமே எங்கள் கண்ணுக்குப் பழகிய காட்சி. எங்கள் பழைய வீடு நாட்டு ஓடு வேய்ந்தது. முன்னே திண்ணை, திண்ணைக்கு மேலே தாழ்ந்து இறங்கிய இறவாணம். உயரமானவர் தலை குனிந்தே உள்ளே புக வேண்டும். சாளரங்களோ மிகச் சிறியவை, மரக்கம்பி பதித்தவை. அந்த வீட்டில் திரைச்சீலை என்னும் பொருளையே நான் கண்டதில்லை. இறவாணத்தின் நிழலே திரைச்சீலையாக இருந்தது.

பிறகு அவ்வீடு இருந்த இடத்தில் கற்காரை வீடு எழுந்தது. அறைகள் உயர்ந்தன, சாளரங்கள் அகன்றன. நான்கடிக்கு நான்கடி அளவுள்ள கண்ணாடிச் சாளரங்கள். எங்கள் பாட்டியாரை நாங்கள் ‘ஆயா’ என்று அழைப்போம்; புதுவை வட்டாரத்தில் அதுவே வழக்கு. ஆயாவுக்கு மேற்குப் பக்கத்து அறை அமைந்தது. அதை அவரே விரும்பிக் கேட்டுக்கொண்டார். அந்தச் சாளரத்தின் வழியே பார்த்தால் தெரு தெரியும். தெருவுக்கு அப்பால் வயல் தெரியும். வயலுக்கு அப்பால் ஏரிக்கரை தெரியும். இரு கண்களிலும் புரை நீக்கும் அறுவை மருத்துவம் செய்துகொண்ட பின்னர், எண்பது வயதில் அவருக்கு ஏரிக்கரைப் பனைகள் தனித்தனியே தெரியத் தொடங்கியிருந்தன. யார் எந்த மாட்டை ஓட்டிக்கொண்டு போகிறார், எந்தப் பள்ளிப் பிள்ளை நேரங்கழித்து வருகிறது, எவர் வயலில் நடவு முடிந்தது என்பனவெல்லாம் எங்கள் தெருவில் ஆயாவைக் கேட்டால் தெரியும்.

முதற் கோடை வந்தது. பிற்பகல் 2 மணிக்கு மேல் அந்த அறையில் இருத்தல் இயலாததாயிற்று. வெயில் கட்டிலின்மேல் ஏறியது, சுவர் சுட்டது, கண்ணாடியிலிருந்து வீசிய ஒளியால் ஆயாவின் கண்கள் கூசி நீர் வடித்தன. அவர் எவரிடமும் குறை கூறவில்லை. தம் பாயைச் சுருட்டிக்கொண்டு நடைவழியில் வந்து படுத்தார். நாள்தோறும் பிற்பகலில் அந்தப் பாய் நடைவழியில் கிடப்பதைக் கண்ட என் சிற்றப்பா, அடுத்த ஞாயிறன்றே புதுவைக்குச் சென்று, ஒருபுறம் ரப்பர் பூசிய தடித்த துணி ஒன்றை வாங்கி வந்தார். கரும்பழுப்பு நிறம். “ஒரு துளி ஒளியும் புகாது, அம்மா!” என்று பெருமையோடு அதைச் சாளரத்தில் மாட்டினார். அவர் சொன்னது உண்மை. ஒளி ஒரு துளியும் புகவில்லை. காற்றும் புகவில்லை. ஏரிக்கரையும் மறைந்தது. ஆயா இரண்டு நாள் பொறுத்தார். மூன்றாம் நாள், “மருத்துவர் கண்ணைத் திறந்துவிட்டார். நீங்கள் ஜன்னலை மூடிவிட்டீர்களே, அப்பா!” என்று சிரித்துக்கொண்டே சொன்னார். பாய் மீண்டும் நடைவழிக்கு வந்தது.

இதில் இன்னொரு புதிரும் இருந்தது. ஒளி அறவே மறைந்த பின்னும் அறையின் வெப்பம் நாங்கள் எதிர்பார்த்த அளவு குறையவில்லை. காரணத்தை அறிய நாம் கண்ணாடியின் இயல்பை அறிதல் வேண்டும். கதிரவனின் ஒளிக்குக் கண்ணாடி வழிவிடும். உட்புகுந்த ஒளி கருந்துணியின்மேல் படுகிறது. துணி அதனை விழுங்கிச் சூடாகிறது. சூடான துணி வெளிவிடும் வெப்பக் கதிர்களோ கண்ணாடியைக் கடந்து வெளியே செல்லமாட்டா. கண்ணாடிக்கும் துணிக்கும் இடையிலுள்ள காற்று கொதித்து, மேலும் கீழுமாகச் சுழன்று அறைக்குள்ளேயே பரவுகிறது. அதாவது, பகைவனைக் கோட்டைக்குள் வரவிட்டு, உள்ளே நின்று போரிடுகிறோம். வெயிலைக் கண்ணாடிக்கு வெளியிலேயே தடுத்து நிறுத்தினால் அவ்வெப்பம் வெளிக்காற்றோடு கலந்து போய்விடும். எங்கள் பழைய வீட்டின் இறவாணம் செய்த வேலை இதுவே. புதுவை நகரில் பிரெஞ்சுக்காரர் கட்டிய வீடுகளின் சாளரங்களுக்கு வெளியே மரச்சட்டங்களைச் சாய்வாக அடுக்கிய கதவுகள் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதே நகரில் அன்தோனின் ரேமண்டு என்னும் கட்டடக் கலைஞர் வரைந்த திட்டப்படி 1937இல் தொடங்கிக் கட்டப்பட்ட கோல்கொண்டா என்னும் விடுதியில், சுவரின் பெரும்பகுதியே திருப்பி மூடக்கூடிய சாய்வுப் பலகைகளால் ஆனது. வெயில் படாமல் காற்று அறைக்குள் ஊடுருவிச் செல்கிறது. செல்வர் பலகையால் செய்ததை நாங்கள் துணியால் செய்ய எண்ணினோம்.

துணியைத் தேடுமுன் கதிரவனின் வழியை அறிய வேண்டியிருந்தது. புதுவை நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ 12 பாகையில் உள்ளது. ஆதலின் ஆண்டில் இருமுறை, ஏப்ரல் 21, 22 அளவிலும், ஆகஸ்டு 21, 22 அளவிலும், நண்பகலில் கதிரவன் நம் உச்சிக்கு நேரே நிற்கிறான். அன்று நட்ட கோலுக்கு நிழல் இராது. இவ்விரண்டு நாள்களுக்கும் இடைப்பட்ட காலத்தில் அவன் உச்சிக்குச் சற்று வடக்கே செல்கிறான். ஆகவே கொடுங்கோடையில் தெற்குச் சாளரத்தில் நண்பகல் வெயில் விழுவதே இல்லை! கோடையில் நம்மை வருத்துவன கிழக்கும் மேற்குமே. அவற்றிலும் மேற்கே கொடியது. காலை வெயில் குளிர்ந்த சுவரின்மேல் படுகிறது, மாலை வெயிலோ பகலெல்லாம் காய்ந்த சுவரின்மேல் படுகிறது.

சாளரத்துக்கு மேலே கற்காரையில் நீட்டிய மறைப்பு இருக்கிறதே, அது போதாதா என்று நீங்கள் கேட்கலாம். நானும் ஓர் அடிக்கோலை வைத்துக்கொண்டு பார்த்தேன். மே மாதத்தில், இரண்டடி நீண்ட மறைப்பு மாலை 4 மணிக்குச் சாளரத்தில் ஒன்றரை அடி நிழல்கூட இடுவதில்லை. 5 மணிக்கு முக்கால் அடிதான். கதிரவன் தாழத் தாழ நிழல் மேலே ஏறிக்கொண்டே போகிறது. உச்சி வெயிலுக்குக் குடை போதும். சாயும் வெயிலுக்கு முகத்துக்கு நேரே கேடயம் வேண்டும்.

காற்றைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். நம்முடைய கரை கிழக்குக் கரை. நண்பகலுக்குப் பின் கடற்காற்று கிழக்கிலிருந்தும் தென்கிழக்கிலிருந்தும் வீசத் தொடங்குகிறது. அப்போது கதிரவன் எங்கே இருக்கிறான்? மேற்கே இருக்கிறான். காலையில் கதிரவன் கிழக்கே எழும்போது காற்று பெரும்பாலும் நிலத்திலிருந்து, மேற்குப் புறமாக வருகிறது. ஆகவே நம் கரையில் வெயில் வரும் திசையும் காற்று வரும் திசையும் பெரும்பாலும் எதிரெதிராக அமைந்துள்ளன. வில்லியனூர், பாகூர்ப் பகுதிகள் கடலிலிருந்து சற்று உள்ளே தள்ளி இருப்பினும் அந்தக் காற்று இங்கும் வருகிறது; சற்றுக் காலந்தாழ்த்தி வருகிறது, அவ்வளவே. பிற்பகலில் கிழக்குச் சாளரத்துத் துணியை முற்றும் ஒதுக்கிவிடலாம். மேற்குச் சாளரத்தில் வெயிலைத் தடுக்கலாம். ஆனால் கிழக்கே புகுந்த காற்று மேற்கே வெளியேற வேண்டுமே! வெளியேற வழியில்லாத காற்று உள்ளே வரவும் செய்யாது. ஆதலின் மேற்குத் துணி வெயிலை மறைப்பதாகவும், காற்றை விடுவதாகவும் இருத்தல் வேண்டும். ஆயாவின் பொருட்டு, அதனூடே ஏரிக்கரையும் தெரிய வேண்டும். இம்மூன்றையும் ஒரு துணி செய்யுமா?

துணியைப் பற்றி எங்கள் வீட்டில் ஆயாவைவிட அறிந்தவர் எவரும் இலர். என் பாட்டனார் முதலியார்பேட்டையிலிருந்த ஆங்கிலோ பிரெஞ்சு நெசவாலையில் முப்பது ஆண்டுகள் தறியில் வேலை செய்தவர். 1898இல் தோன்றிய அந்த ஆலையின் சங்கொலியைக் கொண்டே சுற்று வட்டாரம் நேரம் அறிந்ததாக ஆயா சொல்வார். புதுவை ஆலைத் தொழிலாளர்கள் நாளுக்கு எட்டு மணி நேர வேலை கேட்டு நின்றதும், 1936 சூலை 30ஆம் நாள் துப்பாக்கிச் சூட்டில் பன்னிருவர் உயிர் நீத்ததும், அடுத்த ஆண்டே எட்டு மணி வேலை சட்டமானதும் அவர் பிறப்பதற்கு முன் நிகழ்ந்தவை. எனினும் நேரில் கண்டவர்போலவே சொல்வார். 2020இல் அந்த ஆலை மூடப்பட்டுவிட்டது. பாட்டனார் கொண்டுவந்து கொடுத்த துணித்துண்டுகள் மட்டும் ஆயாவின் பெட்டியில் இன்னும் இருக்கின்றன. பாவு எது, ஊடை எது, எது முறுக்கேறிய நூல், எது கஞ்சியால் தடித்துக் காட்டும் ஏமாற்று என்பதையெல்லாம் அவர் கண்ணை மூடிக்கொண்டு விரலால் சொல்வார்.

நம் மண்ணுக்கும் துணிக்கும் உள்ள உறவு மிகப் பழையது. அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் உள்ள அரிக்கமேட்டை 1945இல் அகழ்ந்த மார்ட்டிமர் வீலர், அங்கே கண்ட செங்கல் தொட்டிகளை மெல்லிய துணிக்குச் சாயம் ஏற்றிய தொட்டிகள் என்று கருதினார். பின்னாளில் அவுரிச் சாயம் தோய்ந்த நீலத் துணி புதுவையிலிருந்து கப்பலேறி ஆப்பிரிக்காவின் மேற்குக் கரைக்குச் சென்றது. பிரெஞ்சுக்காரர் அதனைக் ‘கினே’ என்று அழைத்தனர். செனகல் ஆற்றங்கரையில் வேல மரத்துப் பிசினை விற்ற மக்கள் அதற்கு விலையாக இந்த நீலத் துணியையே வேண்டினர். துணியே அங்கே பணமாக வழங்கிற்று. சகாராப் பாலையின் ஓரத்தில் வாழ்ந்தவர்கள் நம் ஊர்த் துணியைப் போர்த்திக்கொண்டு வெயிலைக் கடந்தனர் என்பதை எண்ணும்போது, மேற்குச் சாளரத்துக்குத் துணி தேடிய எனக்கு ஓர் ஐயம் எழுந்தது. அவ்வளவு கொடிய வெயிலில் கருநீலத் துணியை ஏன் விரும்பினர்? வெண்மையன்றோ வெயிலை எதிரே திருப்பும்?

இதே ஐயம் அறிஞர் சிலருக்கும் எழுந்திருக்கிறது. பாலைவனத்து பெதுவின் மக்கள் கறுப்பு அங்கி அணிவது ஏன் என்பதை ஆராய்ந்து, 1980இல் ‘நேச்சர்’ என்னும் அறிவியல் இதழில் அவர்கள் எழுதினர். கறுப்பு அங்கி வெள்ளையைக் காட்டிலும் மிகுதியாகச் சூடேறுவது உண்மையே. ஆயினும், அங்கி தளர்ந்து தொங்குவதால் அதன் மிகைச்சூடு உடலைச் சேருமுன்னே இடையில் ஓடும் காற்று அதனை அள்ளிக்கொண்டு போய்விடுகிறது. உடலைச் சேரும் வெப்பம் இரண்டு நிறத்திலும் ஒன்றாகவே இருந்ததாம். இதனைப் படித்ததும் சிற்றப்பாவின் கருந்துணி ஏன் தோற்றது என்பது எனக்கு விளங்கியது. நிறத்தின்மேல் குற்றம் இல்லை. அது தொங்கிய இடத்தின்மேலே குற்றம். கண்ணாடிக்கு உள்ளே, காற்றோட்டம் இல்லாத இடத்தில் கருமை தீது. வெளியே, சுவரைவிட்டு விலகி, காற்றாடும் இடத்தில் கருமைக்கு இடமுண்டு.

புதுவை மகாத்மா காந்தி வீதியில் ஞாயிறுதோறும் கூடும் சந்தைக்குச் சென்று, வகைக்கு ஒரு துண்டு வாங்கி வந்தேன். வெளுக்காத காடாத் துணி, மெல்லிய மல் துணி, கட்டம் போட்ட கைத்தறி, தடித்த கான்வாஸ், பளபளக்கும் பாலியஸ்டர். வரும் வழியில் நாற்றுப் பண்ணை ஒன்றில் செடிகளின்மேல் கட்டும் நிழல்வலையிலும் ஒரு முழம் கேட்டு வாங்கினேன். அதில் 50, 75, 90 என்று எண்கள் உண்டு. வெயிலில் நூற்றுக்கு எவ்வளவு பங்கை மறைக்கும் என்பதை அவ்வெண் குறிக்கும். ஆயாவின் கட்டிலில் எல்லாவற்றையும் பரப்பினோம். அவர் ஒவ்வொன்றையும் எடுத்து வாயருகே வைத்து ஊதினார். மறுபுறத்தில் தம் உள்ளங்கையை வைத்துக்கொண்டார். மல் துணியில் மூச்சு முழுதும் வந்தது. கைத்தறியில் பாதி வந்தது. கான்வாஸிலும் பாலியஸ்டரிலும் வரவே இல்லை. “மூச்சு வராத துணி எனக்கு வேண்டா” என்று அவற்றை ஒதுக்கினார். பிறகு ஒவ்வொன்றையும் நனைத்து, வெள்ளைத் துணியால் தேய்த்துச் சாயம் ஒட்டுகிறதா என்று பார்த்தார். பிழிந்து உதறி, கொடியில் போட்டு எது முதலில் காய்கிறது என்றும் பார்க்கச் சொன்னார். கடற்காற்றில் ஈரம் உண்டு; காயாத துணியில் பூசணம் பிடிக்கும் என்பது அவர் கருத்து. இவை எல்லாம் எந்தக் கடைக்காரரும் நமக்குச் செய்து காட்டாத தேர்வுகள். ஆனால் ஒரு காசும் செலவில்லாதவை.

கடைசியாகக் கறுப்பு நிழல்வலையைச் சாளரத்துக்கு வெளியே பிடிக்கச் சொல்லி, உள்ளே இருந்து பார்த்தார். மாலை வெயில் நேரே அடித்துக்கொண்டிருந்தது. “பனைமரம் தெரிகிறது, கண்ணு” என்றார். அந்த நேரத்தில் வெள்ளை வலையைப் பிடித்துக் காட்டியபோது பனைமரம் மறைந்தது. வெண்ணிற இழைகள் வெயிலை வாங்கித் தாமே ஒளிர்கின்றன. அவ்வொளி கண்ணை மறைத்துவிடுகிறது. கருநிற இழைகள் ஒளிர்வதில்லை; ஆதலின் கண் அவற்றின் இடைவெளி வழியே அப்பால் செல்கிறது. வீட்டில் எல்லாரும் மாறி மாறி நின்று பார்த்து, இதனை உறுதி செய்துகொண்டோம். 90 எண்ணுள்ள வலையில் பனை மங்கியது. 50இல் கண் கூசியது. 75 என்று முடிவாயிற்று. சிற்றப்பாவுக்கு மட்டும் மனக்குறை. “கத்தரி நாற்றுக்குப் போடுவதை வீட்டுக்கா போடுவது?” என்றார். “நாற்றுக்குத் தெரிந்தது நமக்குத் தெரியாமல் போயிற்றே” என்றார் ஆயா.

வலையின் மேல் விளிம்பை மறைப்பின் நுனியிலும், கீழ் விளிம்பை ஒரு மூங்கிற் கழியிலும் தைத்தோம். கழியைச் சுவரிலிருந்து இரண்டடி தள்ளி, நட்ட முளைகள் இரண்டில் கட்டினோம். பக்கங்களும் அடியும் திறந்தே இருக்கின்றன. சூடேறிய காற்று தங்குவதில்லை. ஒரு கயிற்றை இழுத்தால் முழுவதும் சுருண்டு மேலே போய்விடும். இதில் சிற்றப்பா மிகவும் கருத்தாக இருந்தார். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் புதுவைக்கும் கடலூருக்கும் இடையே கரை கடந்தபோது, கட்டியிருந்த எதுவும் கட்டிய இடத்தில் நிற்கவில்லை. புயற்காலத்தில் ஒரு நொடியில் அவிழ்க்க முடியாத எதையும் வெளியே கட்டுவது அறிவுடைமை ஆகாது.

இரவில் நிலைமை தலைகீழாக மாறும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அறையில் விளக்கு எரியும்போது வலையினூடே உள்ளிருப்பது தெருவுக்குத் தெரியும். ஆதலின் உட்புறத்தில் மெல்லிய கைத்தறித் துணி ஒன்றை மாட்டினோம். அதனை மாலை விளக்கு வைத்த பிறகே இழுத்து மூடுகிறோம். பருத்தித் துணியைத் தைக்குமுன் ஓர் இரவு நீரில் ஊறவைத்துக் காயவைத்தல் வேண்டும். இல்லையேல் முதற் சலவையில் நூறு அங்குலத்துக்கு மூன்று முதல் ஐந்து அங்குலம்வரை சுருங்கி, தரையைத் தொட்ட துணி கணுக்காலுக்கு ஏறிவிடும். சுருக்கங்கள் அழகாக விழ, சாளரத்தின் அகலத்தைப் போல் ஒன்றரை அல்லது இரண்டு பங்கு துணி தேவை. வளையங்கள் இரும்பாக இருந்தால் உப்புக்காற்றில் துருப்பிடித்துத் துணியைக் கறையாக்கும்.

கிழக்குச் சாளரங்களுக்கு மல் துணியே போதுமென்று விட்டோம். காலை 9 மணிவரை அது வெயிலை மென்மையாக்குகிறது. பிற்பகலில் ஒதுக்கிவிட்டால் கடற்காற்று தடையின்றி வருகிறது. சமையலறையில் அடுப்புக்கு அருகே துணியே கூடாது என்பது என் தாயாரின் ஆணை. அங்கே மூங்கில் தட்டி தொங்குகிறது. என் தங்கை படிக்கும் வடக்கு அறைக்கு வெண்காடா. வெட்டிவேர்த் தட்டியை நனைத்துத் தொங்கவிடலாம் என்று ஓர் உறவினர் சொன்னார். மேற்கிலிருந்து வறண்ட காற்று வீசும் மே மாதத்து முற்பகலில் அது அமுதம் போன்றது. கடற்காற்று வந்த பின்போ, முன்பே ஈரம் நிறைந்த காற்றுக்கு மேலும் ஈரம் சேர்ப்பதால் பயன் குறைவு. வெட்டிவேரின் மணத்துக்காக மட்டும் ஒரு சிறு தட்டி வாங்கினோம் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

இப்போது பிற்பகல் 2 மணி ஆனதும் ஆயாவின் குரல் எழும். யார் அருகில் இருந்தாலும் அவர் சென்று கயிற்றை அவிழ்க்க வேண்டும். கதிரவன் ஏரிக்கரைக்குக் கீழே இறங்கியதும் மீண்டும் சுருட்ட வேண்டும். பாய் அவருடைய அறையிலேயே கிடக்கிறது. கோடையில் வலை ஓர் ஓரத்தில் வெளுத்திருப்பதைக் கண்டு, இது மூன்று கோடை தாங்கினால் மிகுதி என்று இப்போதே சொல்லி வைத்திருக்கிறார்.

தெற்குச் சாளரத்தைப் பற்றி மட்டும் வீட்டில் இன்னும் வழக்கு நடக்கிறது. கோடையில் அதற்குத் துணி தேவையில்லை என்று முன்பே சொன்னேன். ஆனால் மார்கழியில் கதிரவன் தெற்கே சாய்ந்து செல்வதால், நண்பகல் வெயில் அதன் வழியே உள்ளே நீண்டு விழுகிறது. அழகுக்கு ஒரு திரை வேண்டும் என்கிறார் சிற்றப்பா. ஆயா அதற்கு இசையவில்லை. பனி நாளில் முழங்காலை நீட்டிக்கொண்டு அந்த வெயிலில் உட்காருவதற்கு அவருக்கு அந்தச் சாளரம் வெறுமனே வேண்டியிருக்கிறது.